லேடாங் மலைக்குச் செல்லுமுன்

கெமாஸ் இரயில் நிலையத்தில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தெற்கே ஜொகூர் பாருவை நோக்கிச் செல்கிறது. மற்றொன்று வடகிழக்கே கிளந்தான் மாநிலத்தின் தும்பாட்டை நோக்கிச் செல்கிறது. கெமாசைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த நிலையமும், செம்பனை மரங்களும், இரப்பர்க் காடுகளும் பழகிய காட்சிகள். வானம் தெளிந்திருக்கும் காலை வேளையில், மரங்கள் மறைக்காத மேட்டில் நின்று தெற்கே பார்த்தால் நீல நிறத்தில் ஒரு மலை தெரியும். அதுதான் லேடாங் மலை. நேர்கோட்டில் அளந்தால் கெமாசிலிருந்து அதன் உச்சிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவுதான்.

“அடுத்த விடுமுறையில் லேடாங் மலைக்குப் போவோமா?” என்று நண்பர்கள் கேட்பது எளிது. போய்ச் சேருவதும் கடினமன்று. நல்லபடியாக ஏறி, எல்லாரும் நல்லபடியாக இறங்கி வருவதுதான் திட்டமிட வேண்டிய செயல். அத்தகைய பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மலையை அறிந்துகொள்ளுதல்

லேடாங் மலை ஜொகூர் மாநிலத்தின் தங்காக் மாவட்டத்தில், மலாக்கா எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. இதன் உயரம் 1,276 மீட்டர். ஜொகூர் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் இதுவே. மலையும் அதைச் சூழ்ந்த காடும் ஜொகூர் மாநிலத் தேசியப் பூங்காக்களுள் ஒன்றாகப் பாதுகாக்கப்படுகின்றன. ஐரோப்பியர்கள் இம்மலையை ‘ஓஃபிர்’ என்று அழைத்தனர். விவிலியத்தில் பொன் விளையும் நாடாகக் குறிப்பிடப்படும் இடத்தின் பெயர் அது.

“லேடாங் ஓர் எரிமலையா?” என்று பலர் கேட்பதுண்டு. இல்லை என்பதே விடை. எனினும் அந்தக் கேள்வி வீணானதன்று. பூமியின் ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாக இருக்கிறது. அந்தக் குழம்பு நிலத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தால் எரிமலை உண்டாகிறது. வெளியே வர இயலாமல் நிலத்தடியிலேயே மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகினால் கருங்கல் உண்டாகிறது. லேடாங் மலை கருங்கல்லால் ஆனது. மேலே மூடியிருந்த மண்ணும் பாறையும் மழையாலும் ஆற்றுநீராலும் மில்லியன் கணக்கான ஆண்டுகள் அரிக்கப்பட்ட பிறகு, உள்ளே இறுகிக் கிடந்த கல் மலையாக வெளிப்பட்டது. வெடிக்காமல் போன ஒரு நெருப்பின் மீதுதான் மலையேறிகள் நடக்கிறார்கள் எனலாம்.

உண்மையான எரிமலைகளின் தடயங்களும் இவ்வட்டாரத்தில் உள்ளன. நிலவியலாளர்கள் இப்பகுதியின் பழைமையான பாறை அடுக்குகளுக்குக் ‘கெமாஸ் பாறைத்தொகுதி’ என்று பெயரிட்டுள்ளனர். 200 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் கடலாக இருந்தபோது படிந்த சேற்றுப் பாறைகளுக்கு நடுவே, எரிமலைச் சாம்பல் இறுகிய அடுக்குகளும் காணப்படுகின்றன. அருகிலுள்ள சிகாமட்டில் ஏறத்தாழ 60 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வழிந்து இறுகிய எரிமலைப் பாறை உள்ளது. எரிமலைப் பாறை சிதைந்து உண்டான ஒரு வகைச் செம்மண்ணுக்கு மலேசிய மண் வகைப்பாட்டில் ‘சிகாமட்’ என்றே பெயர். நம் முன்னோர் இரப்பர்க் கன்று நட்ட சிவந்த மண்ணிலும் பழைய எரிமலைகளுக்குப் பங்குண்டு.

மலேசியாவில் எரிமலை நிலத்தில் அமைந்த பூங்காவைக் காண விரும்புவோர் சபா மாநிலத்திற்குச் செல்ல வேண்டும். 1979-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தாவாவ் மலைப் பூங்கா, அணைந்துபோன எரிமலைகளின் மீது அமைந்துள்ளது. அங்கு இன்று தீக்குழம்பு இல்லை. மழைக்காடும் அருவிகளும் வெந்நீர் ஊற்றும் இருக்கின்றன.

அண்டை நாடான இந்தோனேசியாவின் நிலை வேறு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் மேற்குச் சுமத்திராவில் உள்ள மராப்பி எரிமலை திடீரென்று வெடித்தது. அப்போது ஏறக்குறைய 75 பேர் மலையில் இருந்தனர். அவர்களுள் 24 பேர் உயிரிழந்தனர். எரிமலைவாயிலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவுக்குள் யாரும் செல்ல வேண்டாம் என்று எரிமலை ஆய்வாளர்கள் முன்னரே அறிவுறுத்தியிருந்தனர். அந்நாட்டில் எரிமலைகளின் அபாய நிலை நான்கு படிகளாக அறிவிக்கப்படுகிறது. அன்று மராப்பி இரண்டாம் படியில் இருந்தது. இரண்டாம் படிதானே என்று எண்ணுவதற்கு இடமில்லை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

எந்த மலையாயினும், அதை நன்கு அறிந்தவர்கள் சொல்வதைக் கேட்பதே திட்டத்தின் முதல் படி.

நாளும் அனுமதியும்

லேடாங் மலைக்குச் செல்ல ஏற்ற காலம் எது? ஆண்டின் இறுதியில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று ஜொகூருக்குக் கனமழையைக் கொண்டு வருகிறது. சிகாமட் நகரம் 2006 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் பெரும் வெள்ளத்தில் மூழ்கியதைப் பலர் நினைவில் வைத்திருப்பர். எனவே, ஆண்டின் நடுப்பகுதியில் வரும் விடுமுறையே பொருத்தமானது. அப்போதும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்யக்கூடும். புறப்படுவதற்கு முதல்நாள் மலேசிய வானிலை ஆய்வுத்துறையின் முன்னறிவிப்பைப் பார்ப்பது இன்றியமையாதது.

தேசியப் பூங்காவில் நினைத்தவுடன் நுழைந்து மலையேற முடியாது. பூங்கா அலுவலகத்தில் முன்பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன்தான் ஏற வேண்டும். சில வேளைகளில் பராமரிப்புக்காகவோ மோசமான வானிலை காரணமாகவோ பாதை மூடப்படும். ஆகவே, பேருந்தை ஏற்பாடு செய்வதற்கு முன்பே அலுவலகத்தைத் தொடர்புகொண்டு பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாணவர்களாக இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி, பள்ளி நிர்வாகத்தின் ஒப்புதல், பொறுப்பாசிரியர் ஆகியவையும் தேவை.

இந்தக் கட்டத்தில் ஒவ்வொருவரும் தம் உடல்நிலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ள மாணவி ஒருத்தி, “சொன்னால் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்” என்று அஞ்சி வாய் திறக்காமல் இருக்கலாம். ஆனால், அவள் சொன்னால் அவளுடைய உறிஞ்சு மருந்து எந்தப் பையில் இருக்கிறது என்பது ஆசிரியருக்கும் வழிகாட்டிக்கும் தெரிந்திருக்கும். மருத்துவரின் ஆலோசனையோடு, தன்னால் இயன்ற தூரம் வரை அவளும் வரலாம். மறைக்கப்பட்ட நோய்தான் காட்டுக்குள் ஆபத்தாகிறது.

நேரக் கணக்கு

கெமாசிலிருந்து சிகாமட் வழியாகத் தங்காக் சாலையில் சென்றால் மலையடிவாரமான சாகிலை அடையலாம். பயணத்திற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காலை எட்டு மணிக்கு ஏறத் தொடங்க வேண்டுமானால், பதிவு செய்யும் நேரத்தையும் சேர்த்து, விடிவதற்கு முன்பே கெமாசிலிருந்து புறப்பட வேண்டும்.

மலையேறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? 1892-ஆம் ஆண்டு நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி ஓர் எளிய கணக்கைச் சொன்னார். ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரத்திற்கு ஒரு மணி நேரம். அத்துடன், 600 மீட்டர் உயரத்திற்கு இன்னொரு மணி நேரம். 5 கிலோமீட்டர் நடந்து 1,100 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், இந்தக் கணக்கின்படி மூன்று மணி நேரத்திற்குள் உச்சியை அடைந்துவிடலாம்.

ஆனால், நெய்ஸ்மித் நடந்தது குளிர்நாட்டின் திறந்தவெளி மலைகளில். நம் மழைக்காட்டில் வேர்கள் படிக்கட்டுகள்போல் பின்னிக் கிடக்கும். வெப்பமும் ஈரப்பதமும் உடலைச் சோர்வடையச் செய்யும். லேடாங் மலையின் மேற்பகுதியில் கயிற்றைப் பிடித்தும் ஏணியில் கால்வைத்தும் ஏற வேண்டிய பாறைகள் உள்ளன. அங்கு ஒவ்வொருவராகத்தான் ஏற முடியும். இருபது பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றாலும், ஒரே ஒரு பாறையைக் கடக்க நாற்பது நிமிடம் ஆகிவிடும். ஆகவே, ஏறுவதற்கு ஐந்து மணி நேரமும் இறங்குவதற்கு நான்கு மணி நேரமும் ஒதுக்குவதே அறிவுடைமை.

நம் நாட்டில் மாலை ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் மறைகிறது. எனினும், அடர்ந்த காட்டுக்குள் ஆறு மணிக்கே இருள் சூழத் தொடங்கும். காலை எட்டு மணிக்கு ஏறத் தொடங்கினால், பிற்பகல் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். அப்போதுதான் ஐந்து மணிக்கு அடிவாரத்தை அடைய முடியும். இதனைத் ‘திரும்பும் நேரம்’ என்பர். ஒரு மணிக்கு உச்சியில் இருந்தாலும் சரி, உச்சிக்கு இருநூறு மீட்டர் கீழே இருந்தாலும் சரி, அப்போதே திரும்ப வேண்டும். இந்த நேரத்தை வீட்டில், நிதானமாக இருக்கும்போதே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். மலையில் களைத்திருக்கும்போது எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஆசையின் முடிவாகத்தான் இருக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் தண்ணீர். நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் குறைந்தது அரை லிட்டர் தண்ணீர் தேவைப்படும். ஒன்பது மணி நேரத்திற்கு நான்கரை லிட்டர் ஆகிறது. அதன் எடையே நான்கரை கிலோகிராம். ஆகவே, மற்றப் பொருள்களின் எடையைக் குறைத்தாக வேண்டும். வியர்வையில் உப்பும் வெளியேறுவதால் உப்புச்சத்து சேர்ந்த பானமும், வாழைப்பழம், பேரீச்சம்பழம், நிலக்கடலை போன்ற உணவும் உதவும். ஓடைநீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. எலியின் சிறுநீரால் பரவும் நோய்க்கிருமிகள் அதில் கலந்திருக்கலாம்.

அடுத்து உடை. 100 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 0.6 பாகை குறையும். கெமாசில் 32 பாகை வெயில் அடிக்கும்போது லேடாங் உச்சியில் 25 பாகைதான் இருக்கும். நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் உடல் நடுங்கத் தொடங்கிவிடும். எனவே, மழைச்சட்டையும் ஒரு மாற்றுச் சட்டையும் நெகிழிப் பையில் சுற்றி எடுத்துச் செல்ல வேண்டும். காலணி வழுக்காததாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கிய காலணியை மலையில் முதன்முதலாக அணிந்தால் கொப்புளம் நிச்சயம். இரண்டு வாரங்களாவது அணிந்து நடந்து பழக வேண்டும். அட்டைகளைத் தவிர்க்க நீண்ட காலுறைகள் போதும். அட்டை கடித்தால் பதற்றப்படத் தேவையில்லை; நகத்தால் மெல்ல நகர்த்தி அகற்றிவிட்டுக் காயத்தைக் கழுவினால் போதும்.

மூன்றாவது வெளிச்சம். பகலில் போகிறோம், கைவிளக்கு எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். தோட்டத்தில் விடிவதற்கு முன் பால்வெட்டச் சென்ற தாத்தா பாட்டியரைக் கேட்டால் காரணத்தைச் சொல்வார்கள். அவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனதற்குக் காரணம், இரண்டு கைகளும் வேலைக்குத் தேவைப்பட்டதுதான். கயிற்றைப் பிடித்து இறங்கும் மலையேறிக்கும் இரண்டு கைகளும் தேவை. தலைவிளக்கு ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.

ஊதல், முதலுதவிப் பெட்டி, முழுமையாக மின்னேற்றப்பட்ட கைப்பேசி ஆகியவையும் தேவை. எனினும், காட்டில் எல்லா இடங்களிலும் கைப்பேசி இணைப்புக் கிடைக்காது. அதனால், எந்த வழியில் செல்கிறோம், எப்போது திரும்புவோம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் 999-ஐ அழைக்க வேண்டும் என்பதை ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும்.

கொண்டு சென்ற பொருள்கள் அனைத்தும் திரும்பி வர வேண்டும். மலைக்கு எடுத்துச் செல்லும் பொருள்களைப் பட்டியலிட்டு, இறங்கிய பிறகு சரிபார்க்கும் வழக்கம் லேடாங்கில் உண்டு. குப்பை காட்டில் தங்கிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

காட்டில் நடக்கும் முறை

தோட்டங்களில் ஒவ்வொரு நாளும் அதிகாலையில் பெரட்டு எடுப்பார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்பது அதில் தெரிந்துவிடும். மலையிலும் அதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே நகர வேண்டும். வழிகாட்டி முன்னால் நடப்பார். அனுபவமுள்ள ஒருவர் கடைசியாக வருவார். அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது.

குழுவின் வேகத்தை மிக மெதுவாக நடப்பவரே தீர்மானிக்க வேண்டும். வேகமாக நடப்பவர்கள் முன்னே போய்ப் பத்து நிமிடம் ஓய்வெடுக்கிறார்கள். மெதுவாக நடப்பவர் வந்து சேர்ந்ததும், “சரி, போகலாம்” என்று எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே கிடைக்காமல் போகிறது. இதைத் தவிர்க்க, மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்து இரண்டாவதாக நடக்க விடலாம்.

சாகில் பக்கத்தில் அழகிய அருவிகள் உள்ளன. அங்குக் குளிப்போர் ஓர் ஆபத்தை அறிந்திருக்க வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் மழை இல்லாவிட்டாலும், மலையின் மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாகப் பாய்ந்து வரக்கூடும். மலேசியாவில் இதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். தெளிந்த நீர் கலங்குவது, இலையும் குச்சியும் திடீரென மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள். அவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி உயரமான இடத்திற்குச் செல்ல வேண்டும். துண்டை எடுக்கவும் காலணியைத் தேடவும் நிற்கக் கூடாது.

இடி முழங்கினால் உச்சியிலும் வெட்டவெளிப் பாறையிலும் நிற்காமல் கீழே இறங்க வேண்டும். ஒருவருக்குத் தலைசுற்றலோ குமட்டலோ ஏற்பட்டால் அவரை நிழலில் அமர்த்தி, உடலைக் குளிர்வித்து, சிறிது சிறிதாக நீர் கொடுக்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது உயிருக்கே ஆபத்தான நிலை. தாமதிக்காமல் உதவியை நாட வேண்டும்.

கண்ணால் மட்டும் எடுத்து வருதல்

1854-ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கையியலாளர் மலாக்காவிலிருந்து புறப்பட்டு லேடாங் மலையில் ஏறினார். மலாய்க்காரர்கள் சிலர் அவருக்குத் துணையாகச் சென்றனர். ‘பாடாங் பத்து’ எனப்படும் திறந்த பாறைச் சரிவில் கண்ட அரிய பெரணிகளைப் பற்றி அவர் வியந்து எழுதியுள்ளார். அவற்றுள் ஒன்றான மத்தோனியாவின் குடும்பம் டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே உலகில் பரவியிருந்தது. அன்று தாகத்தால் வருந்திய அவரும் உடன்வந்தவர்களும் பூச்சிகள் விழுந்து கிடந்த குடுவைத் தாவரங்களின் நீரையே குடித்தனர். தண்ணீரைக் கணக்கிட்டு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை!

அந்தப் பெரணிகளும் குடுவைத் தாவரங்களும் இன்றும் அம்மலையில் வளர்கின்றன. பிறர் அவற்றைப் பறிக்காமல் விட்டதால்தான் நாம் காண முடிகிறது. நாமும் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவோம்.

மலை ‘வேண்டாம்’ என்றால்

லேடாங் மலையைப் பற்றிய பழங்கதை ஒன்று மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’வில் உள்ளது. மலாக்கா மன்னர் சுல்தான் மாமூட் லேடாங் மலை இளவரசியை மணக்க விரும்பித் தூதர்களை அனுப்பினார். இளவரசி நிபந்தனைகள் விதித்தாள். மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலமும் வெள்ளியால் ஒரு பாலமும் வேண்டும். கொசுக்களின் இதயங்கள் ஏழு தட்டு வேண்டும். அரச குமாரனின் இரத்தம் ஒரு கிண்ணம் வேண்டும். இப்படி நீண்டது அந்தப் பட்டியல். மற்ற எல்லாவற்றையும் கொடுக்கலாம், மகனின் இரத்தத்தை எடுக்க மனமில்லை என்று மன்னர் தம் விருப்பத்தைக் கைவிட்டார். இளவரசி நேரடியாக ‘முடியாது’ என்று சொல்லவில்லை. நிறைவேற்ற இயலாதவற்றைக் கேட்டு, அதைக் குறிப்பால் உணர்த்தினாள்.

மலையும் அப்படித்தான். கருத்து வரும் வானமும், கலங்கி வரும் நீரும், பின்தங்கிவிட்ட நண்பனின் வெளிறிய முகமும், ஒரு மணியைக் காட்டும் கடிகாரமும் அதன் குறிப்புகள். அவற்றைப் புரிந்துகொண்டு திரும்பி வருபவர் தோற்றவர் அல்லர். உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று திரும்பிய குழு அடுத்த விடுமுறையில் மீண்டும் முயலலாம். கெமாசிலிருந்து பார்த்தால் லேடாங் மலை தெற்கே அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கும்.